வாயில்லா ஜீவன் என்று எழுதாதே

எங்கள் ஊர் பால் சொசைட்டி செயலாளர் போன மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். "தம்பி, நாலு வரி எழுதிக் குடு, ஃபிளெக்ஸ் போடணும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பராமரிப்பு உதவியாளர் ஓய்வு பெறுகிறார். அதே நேரத்தில் டாக்டரம்மாவுக்கும் மாறுதல் வந்துவிட்டது. ரெண்டு பேருக்கும் சேர்த்து சொசைட்டி வாசலில் ஒரு பாராட்டு விழா, சால்வை, மாலை, ஆளுக்கொரு ஷீல்டு, அப்புறம் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் இல்லாமல் எங்கள் பக்கத்தில் காது குத்தல்கூட நடக்காது.

நான் காட்பாடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ரெண்டு மாடு, அம்மா பார்த்துக்கொள்கிறாள். எப்போதோ ஒரு முறை கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைக்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்துவிட்டேன், அதிலிருந்து ஊரில் எழுத்து வேலை எல்லாம் என் தலையில். சரி, நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். முதல் வரி தானாக வந்தது: "வாயில்லா ஜீவன்களின் வரப்பிரசாதமே!" எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் அந்த உதவியாளர் அண்ணனே டீக்கடையில் எதிரே வந்தார், படித்துக் காட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வாயில்லா ஜீவனா? இன்னா தம்பி நீ, நேத்து ராத்திரி மேலத்தெருவுல ஒரு மாடு பருவத்துக்கு வந்து கத்துன கத்துல தெருவே தூங்காம உக்காந்துகினு கீது. அதுக்குப் போயி வாயில்லன்றியே."

அதுக்கு மேல் அந்த நாலு வரி எனக்கு வரவில்லை. ஃபிளெக்ஸில் அடங்காததை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மருந்தகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டிடம், முன்னால் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட இரும்புக் குழாயில் அடித்த கூண்டு, உள்ளே ஒரு மேசை, மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ். கால்நடை உதவி மருத்துவர் ஒருவர், ஆய்வாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்று இருக்க வேண்டும். எல்லா இடமும் நிரம்பியிருந்த நாளை நான் அதிகம் பார்த்ததில்லை. டாக்டர்கள் மூணு வருஷம் நாலு வருஷம் இருப்பார்கள், மாறுதல் வரும், போய்விடுவார்கள். உதவியாளர் மட்டும் அங்கேயே இருந்தார். புதுசாக வருகிற டாக்டருக்கு எந்த வீட்டு மாடு உதைக்கும், எந்த வீட்டு ஆள் உதைப்பான் என்று சொல்லிக் கொடுப்பதே அவர்தான்.

சனிக்கிழமை காலையில் போனால் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சைக்கிளில், பாட்டிகள் இடுப்பில், கூடையிலும் பையிலும் கோழிகளை அடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி. ஏன் ஒரே நாளில் எல்லாரும் வரவேண்டும் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. அந்த மருந்து பொடியாக ஒரு குப்பியில் வருகிறது, ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து. உப்புத் தண்ணீரில் கலக்கிவிட்டால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. மூணு கோழியோடு ஒரு பாட்டி புதன்கிழமை வந்தால் தொண்ணூத்தேழு கோழிக்கான மருந்து சாக்கடைக்குப் போகும். அதனால் ஒரு கிழமை. அந்த அண்ணன் இறக்கையைத் தூக்கி, தோலை ரெண்டு விரலால் கிள்ளி, அரை மில்லி ஏற்றி, அடுத்த கோழிக்குக் கை நீட்டுவார். கோழி கத்த ஆரம்பிப்பதற்குள் முடிந்திருக்கும்.

அந்த நோய்க்குப் புத்தகப் பெயர் ராணிகேத் நோய். எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் அதை ராணிப்பேட்டை நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். ராணிகேத் என்பது உத்தராகண்ட் மலையில் இருக்கிற ஊர், இந்தியாவில் அங்கே முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ராணிப்பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது நேர் எதிர்ப்பக்கம். 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. கோழிக் கழிச்சலுக்கும், மாட்டுக்கு வருகிற அடைப்பானுக்கும் (ஆந்த்ராக்ஸ்) தடுப்பு மருந்து தயாரிக்கிற இடம். பஸ்ஸில் போகும்போது நூறு தடவை அந்த ஊரைத் தாண்டியிருப்பேன். தோல் தொழிற்சாலை வாடைக்கு ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது, உள்ளே இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமலே போய் வந்துகொண்டிருந்தேன்.

தோல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இது எங்கள் மாவட்டத்துக்கே உரிய தகராறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் ஊர்கள். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூணாகப் பிரித்த பிறகு அவை வேறு மாவட்டம் ஆகிவிட்டன, ஆனால் தோல் வியாபாரம் மாவட்ட எல்லை பார்க்குமா? செத்த மாட்டுக்கும் இங்கே ஒரு விலை உண்டு. சில வருஷம் முன்னால் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு, கோடை முடிந்து முதல் மழை பெய்த வாரத்தில், காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் செத்துக் கிடந்தது. மூக்கிலும் பின்பக்கமும் ரத்தம், உறையாமல் கருப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. வயிறு உப்பிவிட்டது. சேதி தெரிந்து தோல் எடுக்கிறவர் கத்தியோடு வந்துவிட்டார். மாட்டுக்காரருக்கோ கடன் வாங்கி வாங்கிய மாடு, தோல் காசாவது வரட்டும் என்று நிற்கிறார். உதவியாளர் அண்ணன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து மாட்டுக்கும் கத்திக்கும் நடுவில் நின்றார். கத்தி படக்கூடாது என்றார். திட்டினார்கள். என்ன திட்டு என்று இங்கே எழுத முடியாது.

அது அடைப்பானாக இருக்கலாம் என்பது அவர் சந்தேகம். அந்தக் கிருமி உடம்புக்குள் இருக்கும்வரை ஒரு மாதிரி, உடம்பைத் திறந்து காற்றுப் பட்டால் விதை மாதிரி ஆகி மண்ணில் உட்கார்ந்துகொள்ளும். பல பத்து வருஷம் ஆனாலும் சாகாது. அந்த இடத்தில் மேய்கிற மாட்டுக்கு வரும், தோலைத் தொடுகிற மனுஷனுக்கும் வரும். டாக்டரம்மா வந்து காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். ஜேசிபி கூப்பிட்டு ஆறடிக்கு மேல் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். ஜேசிபி வாடகையை யார் கொடுப்பது என்று ஒரு சண்டை, கடைசியில் டாக்டரம்மா பையிலிருந்து கொஞ்சம் போனது, மிச்சம் சொசைட்டி. அடைப்பான்தான் என்று முடிவு வந்தது. அதற்குள் சுற்று வட்டாரத்தில் எல்லா மாட்டுக்கும் ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். வேறு மாடு எதுவும் சாகவில்லை.

அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாசத்தில் ஊர் மறந்துவிட்டது. "ஒரு மாடுதானே செத்துது, அதுக்குப் போயி தோலைக் கூட எடுக்க விடல" என்று மாட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர்களுடைய வேலையில் இதுதான் பெரிய சங்கடம். சாகக் கிடந்த மாட்டை எழுப்பினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வராமல் போன நோயை யாருக்கும் காட்ட முடியாது, அதை ஃபிளெக்ஸில் போடவும் முடியாது.

கோமாரித் தடுப்பூசி முகாம் போடும்போது கூடவே நடந்து பாருங்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி. மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். பாதி வீட்டில் "எங்க மாட்டுக்கு வேணாம்" என்பார்கள். காரணம், ஊசி போட்டால் ரெண்டு நாள் பால் கொஞ்சம் குறையும். அது உண்மைதான், குறையும். அந்த அரை லிட்டர் ஒரு லிட்டருக்காகக் கதவைச் சாத்துவார்கள். எங்கள் அம்மாவே ஒரு முறை மாட்டைத் தோட்டத்துப் பக்கம் ஓட்டிவிட்டு "மாடு வீட்டுல இல்ல" என்று சொன்னவள்தான். அண்ணன் ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்கே போய் ஊசி போட்டுவிட்டு, திரும்பி வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

2013-இல் கோமாரி தமிழ்நாடு, கர்நாடகா என்று தெற்கே சுழற்றி அடித்தது. அப்போது பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாயிலிருந்து கயிறு மாதிரி எச்சில் தொங்கும், நாக்கில் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்து வரும், குளம்பு நடுவில் புண்ணாகி ஈ மொய்க்கும், மாடு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். கன்றுக்குட்டிகள் தாய் மடியில் வாய் வைத்தபடியே விழுந்தன, அந்தக் கிருமி கன்றுகளுக்கு இதயத்தைத் தாக்கும். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஊசிக்கு ஒரு வீடும் கதவைச் சாத்தவில்லை. மூணாவது வருஷம் பழையபடி "எங்க மாட்டுக்கு வேணாம்."

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததாம். என் பாட்டி அதைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறும். ஒரு வாரத்தில் ஒரு தெருவின் கொட்டாய்கள் எல்லாம் காலியாகும், ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி மாடுகளை அதன் கீழே ஓட்டுவார்கள் என்பாள். இந்தியாவில் அது கடைசியாக வந்தது 1995-இல். 2011-இல் உலகம் முழுக்க ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனுஷன் பூமியிலிருந்தே துடைத்தெடுத்த நோய் இதுவரை ரெண்டுதான், ஒன்று பெரியம்மை, மற்றது இந்த மாட்டு வெக்கை. பெரியம்மை ஒழிந்த கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்தது. வெக்கையைப் பற்றி எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியும் ஊசியுமாக ஊர் ஊராக நடந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர் டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்து பொறை பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருக்கிறார், நான் அவருக்கு "வரப்பிரசாதமே" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது செவலை கதைக்கு வருகிறேன். ஜெர்சி கலப்பு, மூணாவது ஈத்து. நல்ல கறவை. காலையில் சுகமாகக் கன்று போட்டு, நஞ்சுக்கொடியும் விழுந்து, அம்மா சீம்பால் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். மறுநாள் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் மாடு படுத்துவிட்டது. கழுத்தைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டு, எங்கோ தூங்குகிற மாதிரி. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்துபோய்விட்டது. வாலைப் பிடித்து முறுக்கினாலும் அசைவில்லை. சித்தப்பா உடனே மிளகு, பூண்டு தட்டிக் கஷாயம் வைக்கச் சொன்னார். நான் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வாயில ஏதாவது ஊத்துனீங்களா?" இல்லை என்றேன். "ஒரு சொட்டு ஊத்தாதீங்க. தண்ணிகூட வேணாம். நிமிர்த்தி உக்கார வச்சு ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் குடுங்க. சாய விடாதீங்க. வரேன்."

வேலூரிலிருந்து ஸ்கூட்டியில் அந்த இருட்டில் வந்தார். அதற்குள் அண்ணன் தன் மொபெட்டில் வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கால்சியம் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுக் கை சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் டார்ச் பிடித்தேன். கழுத்து நரம்பைக் கட்டை விரலால் அழுத்தினார், அது கயிறு மாதிரிப் புடைத்தது, ஊசி உள்ளே போனதும் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது, குழாயை மாட்டினார். அப்புறம் அவர் செய்ததுதான் என் கண்ணில் இன்னும் நிற்கிறது. பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, சாணித் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, மாட்டின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால் அவர் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க, விரலை லேசாக அசைத்தால் அண்ணன் பாட்டிலை இறக்குவார், மறுபடி அசைத்தால் ஏற்றுவார். வார்த்தையே கிடையாது. இருபது நிமிஷம் இருக்கும். எங்கள் சித்தப்பா வாய் ஓயாத மனுஷன், அவரே பேசவில்லை.

பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும், தொடைச் சதை துடிக்க ஆரம்பித்தது. பிறகு ஒரு பெரிய ஏப்பம். அம்மா பயந்துவிட்டாள். டாக்டரம்மா கண்ணைத் திறந்து சிரித்தார். சாணி போட்டது. மூக்கில் பனித்துளி மாதிரி ஈரம் பூத்தது. இன்னும் கால் மணி நேரத்தில் செவலை பின்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு ஆட்டம் ஆடி, முன்னங்காலையும் ஊன்றி நின்றது. நின்றதும் கன்றைத்தான் பார்த்தது. பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் உடம்பு சுடாது, ஜில்லிட்டுப்போகும். கன்று போட்டதும் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு ஓடிப்போய்விடுவதால் வருவது. ரெண்டு மூணு நாள் மடியைச் சுத்தமாக ஒட்டக் கறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கை கழுவ சோப்பு கேட்டார். எங்கள் வீட்டில் அந்த நேரம் சோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் அஞ்சு நிமிஷம் தேடினேன். இன்னும் அது வெட்கமாக இருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பெண்பிள்ளை மாட்டுக் கொட்டாயில் முட்டி போட்டு எழுந்திருக்கிறார், கை கழுவத் தண்ணீரும் சோப்பும்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை நமக்கு.

அவர் போன பிறகு அண்ணன் கொஞ்ச நேரம் இருந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "அந்தக் கஷாயத்த இன்னா பண்ணீங்கோ?" என்றார். அடுப்பில் அப்படியே இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். அப்போது எனக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது, கேட்டுவிட்டேன்.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு மாடு கன்று போட்டுவிட்டுப் படுத்தது. தாத்தா மிளகு, பெருங்காயம், பூண்டு போட்டுக் கஷாயம் வைத்து, ரெண்டு பேர் தலையைத் தூக்கிப் பிடிக்க, மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார். மாடு ஒரு முறை இருமியது. அவ்வளவுதான். விடிகாலையில் ஆள் அனுப்பி மருந்தகத்திலிருந்து அப்போதிருந்த டாக்டரும் இந்த அண்ணனும் வருவதற்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அவர்கள் கண் முன்னால் போய்விட்டது. ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டதற்குத் தாத்தா "ஒண்ணும் குடுக்கல" என்றார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் லேட்டாக வந்ததால்தான் மாடு செத்தது என்று எங்கள் வீட்டில் பல வருஷம் சொல்லிக்கொண்டோம். அந்த நோயில் மாட்டுக்கு விழுங்கவே முடியாது, ஊற்றியதெல்லாம் புரையேறி நுரையீரலுக்குள் போகும் என்பதை அன்று ராத்திரிதான், செவலை நின்றபிறகுதான், நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

"அது உங்களுக்குத் தெரியுமாண்ணா?" என்றேன்.

"மூக்கத் தொடச்சேன். வைக்கோல் நுனியில பெருங்காய வாசம் அடிச்சிது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாடு செத்துப்பூட்ச்சி. பெரியவரு உயிரோட கீறாரு. அவருதான் கொன்னாருன்னு ஊட்டுல சொல்லிட்டு வந்தா, அவரு அப்பாலிக்கா மாட்டுக்கிட்டயே போவமாட்டாரே."

தாத்தா அதற்கப்புறம் ஒன்பது மாடு வளர்த்தார்.

நாட்டு மருந்து என்றாலே இவர்களுக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். மடிநோய்க்கு டாக்டரம்மாவே சொல்லிக் கொடுத்ததுதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீராகக் கரைத்து மடி முழுக்கத் தடவுவது. கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிற முறை. எது மேலே தடவுவது, எதை எப்போது வாயில் ஊற்றக்கூடாது என்பதுதான் விஷயம். எங்கள் சித்தப்பாவுக்கு இந்த வித்தியாசத்தை இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் சிலரைச் சொல்ல வேண்டும், ஃபிளெக்ஸில் இடம் கிடைக்காதவர்கள். சினை ஊசி போட பைக்கில் வருகிற ஒருவர் இருக்கிறார், பிள்ளைகள் "காளை டாக்டர்" என்று கூப்பிடுவார்கள், கோபப்பட மாட்டார். பின்னால் கட்டியிருக்கும் கேனில், காளை விந்து கெடாமல் இருக்க மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன். காலையில் பருவம் தெரிந்தால் சாயந்திரம், சாயந்திரம் தெரிந்தால் மறுநாள் காலை என்று கணக்கு. அதைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும், அந்த 21 நாள் தீவனச் செலவுக்கு மாட்டுக்காரன் அவரைத்தான் திட்டுவான். வேலூர் டவுனில் இட்லிக் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா தெரு நாய்களை ஒன்றொன்றாகப் பழக்கி, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருவார். ஒரு தெருவில் பத்து நாய்க்கு ஏழு நாய்க்காவது ஊசி இருந்தால் அந்த நோய் பரவ வழியில்லாமல் போகும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது சரியான கணக்குதான். அந்தத் தெருவில் அவருக்குக் கிடைத்திருக்கிற பட்டப்பெயர் நாய்க்காரி. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லுகிற கிழவர்கள், எருது விடும் விழாவில் காலையிலிருந்து வெயிலில் நின்று ஒவ்வொரு காளையாகப் பரிசோதித்து, தகுதியில்லாததைத் திருப்பி அனுப்பி அதற்கும் வசவு வாங்குகிற டாக்டர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். போகவில்லை.

ஒன்று மட்டும். இந்த வேலையில் உடம்புக்கு வருகிற ஆபத்தை நாம் பார்ப்பதே இல்லை. நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குத் தோள் வரை கையை விட்டு எடுக்கிறார்கள். கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) இருக்கிற மாடாக இருந்தால் அந்தக் கிருமி மனுஷனுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, மாசக்கணக்கில். அண்ணனுக்கு ஒரு முறை வந்து, மலேரியா டைபாய்டு என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். கிடேரிக் கன்றுக்கு நாலு மாசத்திலிருந்து எட்டு மாசத்துக்குள் ஒரே ஒரு ஊசி போட்டால் அந்த நோய் மாட்டுக்கு வருவது பெரிதும் குறையும், மாட்டிலிருந்து அவருக்கு வருவதும் குறையும். அந்த ஊசிக்கும் கதவைச் சாத்துகிற வீடு இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

விழா நடந்தது. என்னால் முடிந்தது ரெண்டே வரி: "நம் ஊர் மாடுகளுக்கு நடுராத்திரியில் வந்தவர்களுக்கு நன்றி. அடுத்த முறை சோப்பும் வெந்நீரும் எடுத்து வைக்கிறோம்." செயலாளர் படித்துவிட்டு, "இதுல கெத்தே இல்லியே தம்பி" என்றார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்ததையே போட்டுவிட்டார். பன்னிரண்டு அடி, எட்டு அடி. "வாயில்லா ஜீவன்களின் வாழும் தெய்வங்களே!" ரெண்டு பேர் போட்டோவுக்கும் நடுவில் பச்சைப் புல்வெளியில் ஒரு மாடு, கழுத்தில் பெரிய மணி, பின்னால் பனிமலை. எங்கள் ஜவ்வாது மலையில் பனி பெய்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா ரெண்டு நிமிஷம் பேசினார், அதில் ஒன்றரை நிமிஷம் 1962-க்கு போன் பண்ணினால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பதையும், பதினைந்தாம் தேதி கோமாரி முகாம் இருப்பதையும் சொன்னார். அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், "எல்லாரும் மாட்ட நல்லா பாத்துக்குங்கோ" என்றார், இறங்கிவிட்டார். எல்லாரும் கைதட்டி, கேசரியும் போண்டாவும் சாப்பிட்டோம்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, அந்த ஃபிளெக்ஸ யாருக்கும் குடுத்துடப் போறீங்கோ. எனக்கு வோணும். கொட்டாய் மேல ஓல பூட்ச்சி, மழ வரதுக்குள்ள போட்டுட்டா ஆவும்."

நானும் அவருமாகச் சேர்ந்துதான் கழற்றினோம். போன வாரம் மழையில் அந்தப் பக்கம் போனேன். கொட்டாய் மேல் இழுத்துக் கட்டி, நாலு மூலையிலும் செங்கல் தொங்கவிட்டிருந்தார். டாக்டரம்மாவும் அவரும் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், பனிமலை பாதி மடிந்துவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் 'வாயில்லா' மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே அவருடைய கறவை நின்றுகொண்டு, தண்ணீர் காட்ட லேட்டாகிவிட்டது போல, தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.